பிரேக்கில் கட்டிய அட்டை

என் வீட்டுக்காரருக்கு எதற்கெடுத்தாலும் மூக்குக்கு மேல் கோபம் வரும். இருபத்தாறு வருஷமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். தேய்ந்த பிரேக் கட்டையை மாற்றச் சம்மதிக்காதவரிடம் வண்டியைத் திருப்பித் தரமாட்டார். சண்டை போட்டே பாதி வாடிக்கையை விரட்டிவிட்டார்.

ஊருக்கு ஆம்புலன்ஸ் வாங்க நிதி திரட்டும் நாள் அது. சிலர் சைக்கிளில் போவதாகவும், சிலர் நடப்பதாகவும் ஏற்பாடு. நான் நடக்கிற கூட்டத்தில் நின்றேன். "இன்னைக்கு ஒருநாளாவது வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்று அவரிடம் கெஞ்சியிருந்தேன்.

விழாக்குழுவினர் எல்லாச் சைக்கிள்களிலும் எண் அட்டை கட்டியிருந்தார்கள். போட்டோவில் அட்டை ஆடாமல் தெரியவேண்டுமாம்; முன்பிரேக் கம்பியையும் சேர்த்து ஹேண்டில்பாரோடு இறுக்கிவிட்டார்கள். பிரேக்கை அமுக்கினால் அசையவே இல்லை. அங்கிருந்து கடைத்தெருவரை ஒரே இறக்கம்.

வண்டிகளைச் சரிபார்க்கக் கருவிப் பையோடு வந்திருந்த என் வீட்டுக்காரர், கட்டிங் பிளேயரை எடுத்துக் கட்டுகளை வெட்ட ஆரம்பித்தார். குழுத் தலைவர் ஓடிவந்தார்.

"என்னண்ணே இது? நம்பர் இல்லாம போட்டோ எப்படி எடுக்கிறது? மெதுவா போனா ஒண்ணும் ஆகாது."

எனக்கு வந்ததே கோபம்!

"ஏன் சார், ஊர்ல ஆம்புலன்ஸ் இல்லேன்னுதானே இவ்வளவு பேரும் வந்திருக்கோம்? விழுந்தவங்களை எதுல தூக்கிட்டுப் போவீங்க, உங்க போட்டோவுலயா?"

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பையிலிருந்து இன்னொரு கட்டிங் பிளேயரை எடுத்து என் கையில் வைத்தார்.

நான் முதலில் வெட்டியது தலைவருடைய சைக்கிளில் இருந்த கட்டுகளைத்தான்.