கரண்ட் இல்லாத நேரம்

பாலிடெக்னிக் முடித்ததும் ராஜபாளையத்தில் ஒரு சின்ன மருத்துவப் பஞ்சு ஆலையில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். நான்கு மெஷின்கள், எல்லாவற்றுக்கும் ஒரே மெயின் சுவிட்ச், ஒன்பது பெண்கள், என்னோடு பத்து. எண்பதுகளின் கடைசி. தினமும் கரண்ட் போகும்.

ஆளைக் குறைக்க வேண்டும், யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுதித் தா என்றார் முதலாளி. எனக்குப் பிடித்த வேலை. ஒரு வாரம் ஸ்டாப் வாட்சோடு நின்றேன். கரண்ட் போனால் வாட்சை நிறுத்திவிட்டு ஆபீஸ் அறைக்குப் போய்விடுவேன். மெஷின் ஓடாத நேரத்தைச் சேர்க்கக் கூடாது என்றுதான் படித்திருந்தேன்.

கூட்டுகிற அக்காவுக்கு மட்டும் மெஷின் இல்லை. செட்டியார்பட்டியிலிருந்து நடந்து வருவார். புருஷன் கிடையாது, இரண்டு பெண் பிள்ளைகள். ‘கூட்டுவது இரண்டு மணி நேரம், மீதி சும்மா’ என்று எழுதினேன்.

"மத்தவளுக ஆளுக்குக் கொஞ்சம் கூட்டிக்கிடட்டும்" என்றார் முதலாளி.

அதை நான்தான் போய்ச் சொன்னேன். அக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார்.

"நா சும்மா இருந்தேன்னு அந்த வாட்சு சொல்லிச்சாக்கும்."

அப்போதே கிளம்பிப் போய்விட்டார்.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராம் நாள் கரண்ட் போய் வந்தபோது ஆபீஸ் அறையில் இருந்தேன். மெஷின் சத்தத்துக்கு மேல் அலறல் கேட்டது. மூன்றாவது மெஷின்காரிக்குப் பத்தொன்பது வயது. உருளையில் சிக்கிய பஞ்சைப் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். வலது கையில் கட்டைவிரல்தான் மிஞ்சியது.

பிறகுதான் மற்றவர்கள் சொன்னார்கள். கரண்ட் போனதும் எல்லோரும் மெஷினுக்குள் கைவிட்டுச் சுத்தம் செய்வார்கள். அதற்கு முன்பே அக்கா மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். கரண்ட் வந்து, தனி லைனில் இருந்த வாசல் பல்ப் எரிந்ததும் ஒவ்வொரு மெஷினாகப் போய், கைகள் வெளியே இருப்பதைப் பார்த்த பிறகே ஏற்றுவார். யாரும் கொடுத்த வேலையில்லை. அவர் போன பிறகு, ஞாபகம் வந்த யாராவது இறக்கினார்கள். அன்றைக்கு ஒருத்திக்கும் ஞாபகம் வரவில்லை.

"முன்னாடியே ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க மெஷினு ஓடுறதப் பத்தித்தானக்கா கேட்டிய?" என்றாள் ஒருத்தி என்னிடம்.

செட்டியார்பட்டிக்குப் போய் நடந்ததைச் சொல்லி, அக்காவைத் திரும்ப வேலைக்கு வரச் சொன்னேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவப் போகிறாராம்.

"எந்தக் கை?" என்று கேட்டார்.

"வலது."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "சுவிச்சப் பாத்துக்கிடுங்கடின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். ரோசத்துல வந்துட்டேன்."

அவர் வரவில்லை. நான்கு மாதம் கழித்து, விரல்களை இழந்த அந்தப் பெண்தான் வந்தாள். கூட்டுகிற வேலையைக் கொடுத்தார் முதலாளி. கரண்ட் போனால் முதலில் சுவிட்சை இறக்குவாள். வந்ததும் "ஏட்டி, கையக் காட்டுங்க" என்பாள். எல்லோரும் இரண்டு கைகளையும் தூக்குவார்கள். நானும் அங்கேதான் நின்று தூக்குவேன். எண்ணிப் பார்த்துவிட்டு இடது கையால் ஏற்றுவாள்.