ஸ்தானோய்க்கா விட்டுக்கொடுக்காத பங்கு

இருபத்தாறு வருஷமாக அந்த மலையூர் நீதிமன்றத்தில் ஸ்தானோய்க்கா ஒரே வாக்கியத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்: "தகப்பனார் சொத்தில் எனக்குள்ள பங்கை என் சகோதரனுக்கு மனமுவந்து விட்டுக்கொடுக்கிறேன்." மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று சட்டம் வந்து ஐம்பது வருஷமாகிறது. என்ன பிரயோஜனம்? மாண்டினீக்ரோவில் கூடப்பிறந்தவனிடம் பங்கு கேட்கிற பெண்ணை ஊர் மதிக்காது. ஒவ்வொருத்தியாக வருவாள், நீதிபதி கேட்டதும் வேண்டாமென்று தலையைக் குனிந்து கையெழுத்துப் போடுவாள். அண்ணன்காரன் வெளியே ஒரு காபி வாங்கிக் கொடுப்பான்.

புருஷன் விரட்டிவிட்ட ஒருத்தி, மூன்று பிள்ளைகளோடு வந்து அப்படித்தான் எழுதிக்கொடுத்தாள். ஸ்தானோய்க்காவால் வாயை அடக்க முடியவில்லை.

"ஏம்மா, படுக்க இடமில்லாம நிக்கிறே. எதுக்கு விட்டுக்கொடுக்குறே?"

"எனக்கு அண்ணன் வேணுங்க" என்றாள் அவள். ஸ்தானோய்க்காவுக்கு அன்று முழுக்க எரிச்சல் அடங்கவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒன்பது வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டவள் ஸ்தானோய்க்காதான். தம்பி பிளாகோத்தா தலைநகரில் இருந்தான். ஈஸ்டருக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வருவான், சாயங்காலம் கிளம்பிவிடுவான். அப்பா இறந்து நாற்பதாம் நாள், கல்லறையில் படையல் முடிந்த கையோடு ஆரம்பித்தான்.

"வீட்டை வித்துடலாம்க்கா. பனிச்சறுக்கு விடுதி கட்டுறவங்க கேக்குறாங்க. நீ எங்ககூட வந்துடு. பால்கனிக்குக் கண்ணாடி போட்டு அடைச்சுத் தர்றேன்."

ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு ஒரு பால்கனியாம். அந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

அப்பாவின் சொத்து விசாரணைக்கு, தான் தட்டச்சு செய்துவந்த மேசையின் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். அவள் இடத்தில் அவளே வேலை பழக்கிய ஸாகோர்க்கா இருந்தாள். நீதிபதி கேள்வியே கேட்கவில்லை, அதற்குள் அந்தப் பெண் ஒரு தாளை நீட்டினாள்.

"இதுல ஒரு கையெழுத்துக்கா."

"நான் இன்னும் வாயையே திறக்கலையே."

"எல்லாரும் இதைத்தானே சொல்றாங்க? முன்னாடியே அடிச்சு வெச்சா நேரம் மிச்சம்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க."

சொல்லிக்கொடுத்தது உண்மைதான். வெட்கத்தில் ஸ்தானோய்க்காவின் காது சுட்டது. எத்தனை பெண்களின் வாயை இப்படி அடைத்தாளோ, கணக்கே இல்லை. தாளை நாலாகக் கிழித்தாள்.

"நான் விட்டுக்கொடுக்கலை. எனக்குப் பாதி வேணும்."

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"இருபத்தாறு வருஷமா யோசிச்சாச்சுங்க. புதுசா அடிக்கச் சொல்லுங்க."

வராந்தாவில் பிளாகோத்தா அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "இனிமே உனக்குத் தம்பி கிடையாது." இப்படித்தான் சொல்வான் என்று தெரியும். தெரிந்திருந்தும் வலித்தது.

பாதி வீடு அவள் பெயருக்கு வந்தது. அவள் சம்மதமில்லாமல் விற்க முடியாது. டிசம்பரில் குடும்பப் புனிதரின் திருநாள். அப்பாவுக்குப் பிறகு மகன்தான் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும், அவன் வரவில்லை. அவளே ஏற்றினாள், மீன் சமைத்தாள். அழைக்காமலே ஊர் கூடும் நாள் அது. மத்தியானம்வரை ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. நல்ல சட்டம், நல்ல ஊர் என்று வாய்விட்டே திட்டினாள்.

அப்போது கதவு தட்டப்பட்டது. தம்பி மனைவி நோவ்கா.

"எங்கப்பா போன மாசம் போயிட்டாருல்ல அண்ணி, செவ்வாக்கிழமை கோர்ட்டு. எனக்கு ரெண்டு அண்ணன். என் பங்கை விடவே கூடாதுன்னு உங்க தம்பி ஒத்தக் கால்ல நிக்கிறார். அங்க என்ன பேசணும்னு உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னார்."

ஸ்தானோய்க்காவுக்கு மீன் சட்டியைத் தூக்கி வீசலாம் போலிருந்தது. "அவன் எங்கே?"

"கீழே கார்ல. உள்ள வர மாட்டேங்கிறார்."

"கிடக்கட்டும். நீ உக்காந்து சாப்பிடு" என்று தட்டை வைத்தாள். "யார் தாளை நீட்டினாலும் படிக்காம தொடாதே. பங்கு வேணும்னு உன் வாயால சொல்லு, அவனைப் பேச விடாதே. அப்புறம் முக்கியமா ஒண்ணு. அது உன் பேர்லயே இருக்கணும். அவன் தன் பேருக்கு எழுதித் தரச் சொல்லுவான், குடுக்காதே."