பாக்கியலட்சுமியின் எழுபத்து மூன்று கிலோ

அலோர் காஜாவில் யாராவது உடம்பு இளைத்தால் அதற்கு ஊர் மூன்று காரணங்களைத் தயாராக வைத்திருக்கிறது: சர்க்கரை, கவலை, இளைப்பதற்குப் போடும் ஊசி. நடந்தும் சோற்றைக் குறைத்தும் இளைத்தேன் என்று ஒருவர் சொன்னால், அதை நான்காவது காரணமாக ஊர் ஏற்பதில்லை. முதல் மூன்றில் ஒன்றை இவர் மறைக்கிறார் என்று மட்டும் புரிந்துகொள்கிறது.

பாக்கியலட்சுமி இரண்டு வருடத்தில் நூற்று நான்கு கிலோவிலிருந்து எழுபத்து மூன்றுக்கு வந்தவர். வயது நாற்பத்தெட்டு. மெர்லிமாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து, இப்போது அலோர் காஜாவில் ஒரு லாரி கம்பெனி அலுவலகத்தில் வேலை. இளைத்ததோடு நின்றிருந்தால் ஊர் மன்னித்திருக்கும். மற்றவர்களையும் இளைக்க வைக்கிறேன் என்று கிளம்பியதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது.

முதலில் பவுடர் விற்க வருகிறார் என்று நினைத்துச் சிலர் ஒதுங்கினார்கள். ஒன்றும் விற்கவில்லை என்று தெரிந்ததும் பலர் ஒதுங்கினார்கள். பவுடர் விற்பவரின் நோக்கமாவது தெரியும். எதையும் விற்காமல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குக் கோயிலுக்குப் பின்னால் உள்ள மண்டபத்துக்குப் பதினோரு பேரை வரவழைக்கும் பெண்ணுக்கு என்ன நோக்கம் இருக்க முடியும்? அதைக் கண்டுபிடிப்பதற்காகவே முதல் நான்கு பேர் குழுவில் சேர்ந்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

குழுவின் சொத்து ஒரு தராசு. பலகையில் ஏறி நின்றால், மேலே உள்ள இரும்புக் கம்பியில் குண்டை நகர்த்தி எடை பார்க்கும் பழைய தராசு. ஒரு தோட்டத்து ஸ்டோரை மூடியபோது பழைய இரும்புக்குப் போக இருந்ததை, செம்பனைக் குலை லாரி ஓட்டும் புவனேந்திரன் ஏற்றிக்கொண்டு வந்தார். அந்தத் தராசில் நம் முன்னோர் ரப்பர் ஒட்டுப்பால் நிறுத்தார்கள். மூன்று தலைமுறையாக அதன் முன்னால் நின்று, குறைத்துக் காட்டுகிறது என்று சண்டை போட்ட சமூகம் இது. இப்போது பேரப்பிள்ளைகள் அதே தராசில் ஏறி நின்று, கூட்டிக் காட்டுகிறது என்று சண்டை போடுகிறார்கள்.

சண்டை வராமலிருக்கத் தோட்டத்து வழக்கத்தையே பாக்கியலட்சுமி கொண்டுவந்தார். குண்டை அவர் நகர்த்துவார். வரிசையில் அடுத்து நிற்பவர் எடையைப் படிப்பார். மூன்றாமவர் அதைத் திருப்பிச் சொல்வார். ஒருவரை ஒருவர் நம்பாதவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஒரு சின்ன ஓட்டை மட்டும் இருந்தது. தோட்டத்தில் எடை பார்த்து எழுதும் கிராணியை யாரும் நிறுத்ததில்லை. இங்கேயும் குண்டு நகர்த்துபவரை யாரும் பலகையில் ஏறச் சொல்லவில்லை.

அந்த ஓட்டைக்குள்தான் பாக்கியலட்சுமி ஏழு மாதமாக ஒளிந்திருந்தார். அவர் இப்போது எழுபத்து மூன்று கிலோ இல்லை. எண்பத்திரண்டு.

கூடிய ஒன்பது கிலோவும் சேவையால் வந்தவை. யாராவது இரண்டு ஞாயிறு வராவிட்டால் பாக்கியலட்சுமி அவர் வீட்டுக்கே போய்விடுவார். மனம் தளர்ந்தவரோடு உட்கார்ந்து பேசி, கையைப் பிடித்துக்கொண்டு நான்கு நல்ல வார்த்தை சொல்லி, அடுத்த வாரம் வரவைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஆனால் நம் வீடுகளில் வந்தவரை வெறும் வாயோடு அனுப்புகிற வழக்கம் இல்லை. வெறும் வாயோடு எழுந்துபோகிறவரை மறுபடி கூப்பிடுகிற வழக்கமும் இல்லை. ஒரு வீட்டில் மைலோவும் வடையும். ஒரு வீட்டில் கேசரி. புவனேந்திரன் வீட்டில் அவர் மனைவி, "உடம்பைக் குறைக்கணும்னு நீங்க சொல்றது சரிதான், அதுக்காக வீட்டுக்கு வந்தவங்களை பட்டினி போட முடியுமா?" என்று நெய்த் தோசை வார்த்தார். வாரத்துக்கு நான்கு வீடு. பதினோரு பேரை இளைக்க வைக்க ஒரு பெண் பருத்துக்கொண்டிருந்தார்.

அவர் உடையைத் தளர்த்தினார். மாலை நடையைக் கூட்டினார். இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிவிடலாம் என்று மண்டபம் வரை வந்தார். வாசலிலேயே மோகனா, "அக்கா, உங்களைப் பாத்துத்தான் நான் ராத்திரி சோத்தை விட்டேன்" என்று சொன்னார். முறுக்கு சுட்டு விற்கும் பெண் ராத்திரிச் சோற்றை விடுவது சின்ன விஷயம் இல்லை. எழுபத்து மூன்று என்பது தன் எடையாக இருப்பதை நிறுத்தி வெகுநாளாகிவிட்டது, அது இப்போது இவர்களுடைய நம்பிக்கை என்று பாக்கியலட்சுமிக்குத் தோன்றியது. அது போனால் குழு போய்விடும். வாயை மூடிக்கொண்டார்.

குழுவுக்கு அவர்மேல் சந்தேகம் இல்லாமல் இல்லை. எல்லாச் சந்தேகமும் இருந்தது, சரியான ஒன்றைத் தவிர. சென்னைக்குப் போய் வயிற்றைச் சுருக்கி வந்தார் என்றார் ஒருவர். வாராவாரம் ஊசி என்றார் இன்னொருவர். இந்த ஊசிக் கட்சிக்குத் தலைமை ரோகினி டீச்சர்.

ரோகினி டீச்சர் புக்கிட் பெருவாங்கிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வருபவர். ஓய்வு பெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணத்து வம்சம். தாத்தா ஒரு தோட்டத்தில் கிராணி. "உங்க தாத்தாதான் டீச்சர் எங்க பாட்டன் பாலை குறைச்சு நிறுத்திருப்பாரு" என்று புவனேந்திரன் சீண்டுவார். "உம்முடைய பாட்டன் பாலில தண்ணி கலந்திருப்பார்" என்று டீச்சர் திருப்பிக் கொடுப்பார். முப்பது வருடம் பரீட்சைத் தாள் திருத்திய கண். வாட்ஸ்அப் குழுவில் இரவுச் சாப்பாடு என்று புவனேந்திரன் மூன்று வாரமாக ஒரே வெள்ளரிக்காய்ப் படத்தை அனுப்புவதைத் தட்டின் ஓரத்தில் இருந்த கீறலை வைத்துப் பிடித்தவர் அவர்தான்.

பாக்கியலட்சுமியின் சட்டையில் பக்கத் தையல் பிரித்துத் திரும்பத் தைக்கப்பட்டிருப்பதையும் அவர் இரண்டு மாதம் முன்பே கவனித்திருந்தார். பழைய ஊசித் துளைகள் ஒரு வரியாக அப்படியே தெரிந்தன. இன்னும் இளைத்துக்கொண்டே போகிறாள், சட்டையைப் பிடித்துத் தைக்கிறாள், அப்படியென்றால் ஊசியேதான் என்று முடிவு கட்டினார். துளைகள் தையலுக்கு எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பார்க்கவில்லை. சந்தேகப்படுகிறவர்களுக்குத் தடயம் கிடைத்துவிட்டால் போதும்.

ஆனால் டீச்சருக்கு இது விளையாட்டும் இல்லை. வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. எண்பத்தைந்துக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைப்பேன் என்று டாக்டர் சொல்லி, இரண்டு மாதம் கழித்து ஒரு தேதியும் கொடுத்திருந்தார். தராசு ஐந்து வாரமாகத் தொண்ணூற்றிரண்டிலேயே நின்றது. விருந்தினருக்காகச் செய்யும் பட்டர் கேக்கில் தான் சாப்பிடும் பங்கை டீச்சர் சேர்த்துக்கொள்வதில்லை. எனவே பிழை தராசில்தான் இருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பத்துக் கிலோ அரிசிப் பையோடு வந்தார். கட்டுப் பிரிக்காத பை.

"இதை வையும் பாக்கியம். பாப்பம்."

பாக்கியலட்சுமி வைத்தார். குண்டை நகர்த்தினார். கம்பி பத்தில் நின்றது.

"சரியாத்தானே காட்டுது டீச்சர்" என்றார் மோகனா.

புவனேந்திரன் விடவில்லை. அன்று அவர் நூற்றுப் பதினெட்டு. அவருக்கும் தராசு தப்பாக இருப்பதில் ஆர்வம் இருந்தது. "பத்து கிலோவுக்கு சரியாத்தான் லா காட்டும். நம்ம சைசுக்கு காட்டணுமே! யானை ஏறுற பாலத்துல கோழியை விட்டு டெஸ்ட் பண்ணா எப்படி?"

டீச்சர் யோசித்தார். எடை நிச்சயமாகத் தெரிந்த பெரிய பொருள் ஒன்று வேண்டும். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்த கண்கள் குண்டருகே வந்து நின்றன.

"பாக்கியம், நீர் எழுபத்திமூண்டு தானே?"

பதினோரு பேரும் அவரைப் பார்த்தார்கள். ஊசி என்றும் சென்னை என்றும் ஏழு மாதம் பேசியவர்கள்தான். ஆனால் அந்த எழுபத்து மூன்றை மட்டும் ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை.

"ஏறும். எழுபத்திமூண்டு காட்டினா தராசு சரி. நான் வாயைத் திறக்கமாட்டன்."

"எனக்கு எதுக்கு டீச்சர்…"

"ஏறுங்கக்கா, ஒரு நிமிஷ வேலை" என்றார் மோகனா.

பாக்கியலட்சுமி ஏறினார். டீச்சர் குண்டை நகர்த்தினார். எழுபத்து மூன்றில் கம்பி மேலே முட்டியபடி அசையாமல் நின்றது. எழுபத்தைந்து, எழுபத்தெட்டு. எண்பத்திரண்டில் மெல்ல இறங்கி நேராக நின்றது.

"எண்பத்திரண்டு" என்று படித்தார் டீச்சர்.

"எண்பத்தி ரெண்டு" என்று வழக்கப்படி திருப்பிச் சொன்னார் புவனேந்திரன். சொல்லி முடித்ததும்தான் விஷயம் அவருக்கு உறைத்தது. "ஒம்போது கிலோ கூட! பாத்தீங்களா? நான் அப்பவே சொல்லல? தோட்டத்துத் தராசுன்னாலே கோளாறுதான்!"

அடுத்த இரண்டு நிமிடங்களில் அந்த மண்டபத்தில் மொத்தம் தொண்ணூற்றொன்பது கிலோ குறைந்தது. இவ்வளவு விரைவாக எந்த ஊசியும் வேலை செய்ததில்லை. ஆளாளுக்கு ஒன்பதைக் கழித்தார்கள். புவனேந்திரன் நூற்றொன்பது ஆனார். மோகனா தன் கல்யாண எடைக்குத் திரும்பிவிட்டதாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முக்குக் கடையில் ரொட்டி சானாய் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

பாக்கியலட்சுமி பலகையிலிருந்து இறங்கவில்லை. இறங்கிப் பேசாமல் நின்றால் போதும் என்று அவருக்குத் தெரிந்தது. பழி இரும்பின்மேல் விழுந்துவிட்டது. இரும்பு ஒன்றும் சொல்லப்போவதில்லை. எழுபத்து மூன்று இனிச் சாகும்வரை எழுபத்து மூன்றுதான்.

ரோகினி டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து விரல் விட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். "தொண்ணூற்றிரண்டில ஒன்பது போனா எண்பத்திமூண்டு." முழங்காலைத் தடவினார். "அப்ப நான் ரெடி. நாளைக்கே டாக்டருக்கு போன் பண்ணி, வந்துட்டன் எண்டு சொல்லப்போறன்." அந்த முகத்தில் சந்தேகம் இல்லாமல் பாக்கியலட்சுமி பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தராசு சரியாத்தான் இருக்கு டீச்சர்" என்றார் பாக்கியலட்சுமி. "நான்தான் கூடிட்டேன்."

சிரிப்பு நின்றது. பிறகு புவனேந்திரன் கையை ஆட்டினார். "சும்மா இருங்கக்கா. நாங்க ரொட்டி சானாய் திங்கக்கூடாதுன்னு இப்படி ஒரு பொய்யா?"

"பொய் இல்ல தம்பி. ஏழு மாசமா கூடிக்கிட்டேதான் இருக்கு."

"அதெல்லாம் இல்லக்கா" என்றார் மோகனா. "எங்களை விட்டுடக்கூடாதுன்னுதானே சொல்றீங்க? எனக்கு தெரியும்."

ஏழு மாதம் பொய்யை நம்பியவர்கள், உண்மையைச் சொன்ன அன்று நோக்கம் தேடினார்கள். பாக்கியலட்சுமி டீச்சரைப் பார்த்தார். உண்மையை நம்பினால் அதிகம் இழக்கப்போகிறவர் அவர்தான். நம்பக் கூடியவரும் அவர் ஒருவர்தான்.

டீச்சர் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். நொண்டிக்கொண்டு பலகை அருகே வந்து, குனிந்து, பாக்கியலட்சுமியின் சட்டைப் பக்கத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பழைய துளைகள் தையலுக்கு உட்பக்கத்தில், உடம்பை ஒட்டி இருந்தன. பிடித்துத் தைத்தது இல்லை. விட்டுத் தைத்தது.

எண்பத்து மூன்று டீச்சர் முகத்திலிருந்து மெல்ல இறங்குவதை எல்லோரும் பார்த்தார்கள்.

"அரிசியும் பத்து எண்டு சரியாத்தான் காட்டினது" என்றார் கடைசியில். ரொட்டி சானாய் சொல்லப் போனவர் பாதி வழியிலிருந்து திரும்பினார்.

பிறகுதான் டீச்சருக்குக் கோபம் வந்தது. "ஒன்பது கிலோ! எங்களுக்கு இதைத் தின்னாதே, அதைத் தின்னாதே எண்டு சொல்லிப்போட்டு, நீர் எங்க போய்த் திண்டீர்?"

"உங்க வீட்லதான் டீச்சர். ரெண்டு துண்டு பட்டர் கேக். ஒண்ணு போதும்னேன், நீங்க விடல." பாக்கியலட்சுமி திரும்பினார். "மோகனா வீட்ல முறுக்கு. தம்பி வீட்ல நெய்த் தோசை, மூணு."

"மூணா?" என்றார் புவனேந்திரன். "எனக்கு ரெண்டுதானே போட்டா!"

அன்று அதற்குமேல் ஒருவரும் எடை பார்க்கவில்லை. அரிசிப் பையை டீச்சர் காரில் ஏற்றிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார். வாட்ஸ்அப் குழுவில் ஆறு நாள் ஒரு படமும் வரவில்லை, வெள்ளரிக்காய்கூட இல்லை. இடையில் ஒரு மாலை பாக்கியலட்சுமி மோகனா வீட்டுக்குப் போனார். உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடி பேசிவிட்டு, தண்ணீர்கூட வேண்டாமென்று திரும்பினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்து, உள்ளே கூப்பிடாத அளவுக்கு என்ன சண்டை என்று மூன்று நாள் விசாரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே காலுக்கு அவர் மண்டபத்தைத் திறந்தபோது ஒருவரும் வரமாட்டார்கள் என்றே நினைத்திருந்தார். ஏழு இருபதுக்கு டீச்சரின் கார் வந்தது. ஏழரைக்குப் பதினோரு பேரும் இருந்தார்கள். சேதி கேட்டு வேடிக்கை பார்க்க வந்த புதியவர்கள் மூன்று பேர். பாக்கியலட்சுமி பழக்கத்தில் குண்டருகே போனார்.

"அங்க இல்ல" என்றார் டீச்சர். "இஞ்ச. முதல்ல நீர்."

பாக்கியலட்சுமி பலகையில் ஏறினார். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குண்டை நகர்த்தினார். எண்பத்திரண்டில் வைத்ததும் கம்பி எழவில்லை. ஒரு கோடு பின்னால் தள்ளினார்.

"எண்பத்தொண்டரை."

"எண்பத்தொண்ணரை" என்றார் புவனேந்திரன். மோகனா குனிந்து, பாக்கியலட்சுமியின் கால் எங்கும் தரையில் ஊன்றியிருக்கிறதா என்று பார்த்தார்.

"இறங்கும்" என்றார் டீச்சர். "திருப்பி ஏறும்."

இறங்கி ஏறினார். அதே எண்பத்தொன்றரை. டீச்சர் குண்டிலிருந்து கையை எடுக்காமல் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஊசி ஒண்டும் போடேல்லையே?"

"அரைக் கிலோவுக்கா டீச்சர்?" என்றபடி பாக்கியலட்சுமி இறங்கிக் குண்டருகே போனார்.

டீச்சர் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். கைப்பையை மோகனாவிடம் கொடுத்தார். புவனேந்திரனின் தோளைப் பிடித்து, வலது காலை முதலில் வைத்துப் பலகையில் ஏறினார்.

"நகர்த்தும் பாக்கியம்" என்றார். "நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."