சூறாவளிச் சொக்கன் குடியிருக்கும் வீடு

காமிக்ஸ் போடுகிற தொழிலில் வில்லனை ஒழிக்க ஒரு பக்கம் போதும், வாசகருக்குப் பதில் சொல்ல ஆயுசு போதாது. காரைக்குடியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம் வைத்துக்கொண்டு, ஆசை யாரை விட்டது என்று ‘சூறாவளிச் சொக்கன்’ என்ற பறக்கும் வீரனின் கதையை மாதாமாதம் போட்டு மாட்டிக்கொண்டவன் நான். கதை என்னுடையது, படம் முருகேசனுடையது. என் பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் பிறந்த பயல் சொக்கன். அவன் பாதியில் நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் ஒரே கவலை. இந்த மாதிரி வேண்டாத வேலையில் தலையைக் கொடுத்த சக பாவிகளே, கேளுங்கள்.

மஞ்சளும் குங்குமமும்

சொக்கனின் அங்கி நீலம். முதல் இதழ் அடித்த அன்று மெஷினில் கல்யாணப் பத்திரிகை ஓடிக்கொண்டிருந்தது. மை மாற்றச் சோம்பல்பட்டு அட்டையையும் அதிலேயே ஓட்டிவிட்டேன். மஞ்சள் அங்கியும் குங்குமச் சிவப்பு முகமூடியுமாக வந்து நின்றான் சொக்கன்.

பிள்ளையார்பட்டிக் கோயில் வாசலில் தெரிந்தவர் கடையில் கொஞ்சம் பிரதிகளைத் தொங்கவிட்டோம். மதியத்துக்குள் காலி! எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுவாரம் நானே போய்க் கடையோரம் நின்றேன். வேனில் வந்திறங்கிய ஓர் அம்மா அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கேட்டார்: “இந்தச் சாமி எந்த ஊருல இருக்காரு? அங்க மொட்டை போடலாமா?”

குடிவைத்த வில்லன்

இரண்டாம் இதழில் வில்லனுக்கு ஒரு கோட்டை தேவைப்பட்டது. முருகேசன் மூளையை வருத்தாமல், டவுன் பஸ்ஸில் போகும்போது தினமும் பார்க்கிற ஒரு பெரிய வீட்டை அப்படியே வரைந்துவிட்டான். ஒரே வாரத்தில் அந்த வீட்டு மெய்யம்மை ஆச்சி இதழும் கையுமாக அச்சகத்துக்கு வந்துவிட்டார்.

“ஆச்சி, அது வெறும் கற்பனை” என்றேன். அவர் படத்தில் விரலை வைத்தார். முகப்பில் கை உடைந்த சுதை லட்சுமி. மாடியில் காய்கிற கட்டம் போட்ட லுங்கி. அது அவர்கள் வாட்ச்மேனுடையதாம். அசடு வழிந்தேன். “வீட்டுக்குப் பங்காளிக பதினாறு பேரு தம்பி. ஒரு ஆணி அடிக்கணும்னாக்கூடப் பதினாறு கையெழுத்து வேணும். யாரைக் கேட்டு இந்தத் திருட்டுப்பயலைக் குடி வச்சீக?”

புதுக் குடி

மூன்றாம் இதழில் வில்லனைக் காலி பண்ண வைத்தோம். வீடு சும்மாத்தானே கிடக்கிறது என்று முருகேசன் அடுத்த இதழில் சொக்கனைக் குடியேற்றிவிட்டான். போச்சுடா என்று நான் பயந்துகொண்டிருக்கும்போதே ஆச்சியிடமிருந்து போன்.

“இவரு நல்ல பிள்ளைதான், இருந்துட்டுப் போகட்டும். ஆனா வளவுக்குள்ள பூட்ஸோட வந்து இறங்குறாரு. வாசல்லயே கழட்டிட்டு வரச் சொல்லுங்க.”

அன்றிலிருந்து வளவின் நடு முற்றத்தில் சொக்கன் வெறுங்காலோடுதான் இறங்குகிறான்.

சொக்கன் சாகிறான்

முருகேசனுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. “இனிமே மாசாமாசம் வரைய முடியாதுண்ணே” என்றான். வேறு கை வரைந்தால் அது சொக்கனே இல்லை. பாதியில் காணாமல் போவதைவிட மரியாதையாகச் செத்துப்போகட்டும் என்று முடிவு செய்தேன். கடைசிப் பக்கத்தில், வளவில் விழுந்து கிடக்கிறான் சொக்கன். அதற்கு வசனம் எழுதும்போது வெட்கமில்லாமல் அழுதேன். சிரிக்காதீர்கள்.

அந்தப் பக்கம் மேசையில் கிடந்தபோதுதான் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க ஆச்சி வந்தார். பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“தை மாசம் இதே வளவுலதான் எம் மக கல்யாணம். இப்பப் போயி வீட்டுக்குள்ள சாவைப் போடுறீகளே, அடுக்குமா?”

“அப்ப வாசலில் சாகட்டுமா ஆச்சி?”

“மாப்பிள்ளை வீட்டுக்காரக எங்குட்டு வழியா உள்ள வருவாக?”

எனக்கோ உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். உடனே முருகேசனுக்குப் போன் போட்டேன். ஆச்சியையும் என்னையும் சேர்த்துத் திட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வரைந்து போனில் அனுப்பச் சம்மதித்தான். தை முடியும் வரைக்கும்தான் என்று கறாராகச் சொன்னான்.

கல்யாணம் முடிந்து, முருகேசனின் நச்சரிப்பு தாங்காமல் அந்தப் பக்கத்தை மறுபடி வெளியே எடுத்தேன். ஒரு டப்பா தேன்குழலோடு ஆச்சி வந்து நின்றார். “மக உண்டாயிருக்கா தம்பி. பேரப்புள்ள பிறந்து, எழுத்துக்கூட்டிச் சொக்கனைப் படிக்கிற வரைக்கும் சாவுப் பேச்சையே எடுக்காதீக.”

ஆக, சக பாவிகளே, சொக்கன் இனிச் சாகவேண்டுமென்றால் பதினாறு பங்காளிகளும் கையெழுத்துப் போடவேண்டும், அவர்களோ முகப்பு லட்சுமியின் உடைந்த கையை ஒட்டவைக்கவே இன்னும் போட்டபாடில்லை.