மல்லாப்பூரில் ஓர் ஆமைப் படம்

பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டும் வேலையில் புரொஜெக்டர் சூடாவதற்குள் நம் தலை சூடாகிவிடும். வீட்டுப் பிறந்தநாளில் பத்து வாண்டுகளை மேய்த்தவர்களுக்கு என் அவஸ்தை புரியும். எனக்கு ஞாயிறுதோறும் நாற்பது. இடம், மல்லாப்பூரில் எங்கள் தமிழ்ச் சங்கத்து ஹால்.

தண்ணீர் பாட்டில்

அன்று போட்டது பழைய ஜப்பான் கார்ட்டூன். ஒரு சிறுமியும் ராட்சத ஆமையும் ஆற்றோடு கடலுக்குப் போகிறார்கள்; வழியில் ஒரு ஃபேக்டரி ஆற்றையே நுரையாக்கி வைத்திருக்கிறது. ஜப்பான் மொழி யாருக்குப் புரியும்? நான்தான் மைக்கைப் பிடித்துக் கதை சொல்வேன். பிள்ளைகளுக்கு மனதில் பதியட்டுமே என்று, "நம்ம மல்லாப்பூர்ல இருக்கற மாதிரி ஒரு ஃபேக்டரி" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஆமைக்கு மூச்சு முட்டும் இடத்தில் முன்வரிசை திவ்யா எழுந்து, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து திரைக்கு நேரே நீட்டினாள். இரண்டாம் வகுப்பு. இது படம்தானே கண்ணு என்றேன்.

"தெரியும் அங்கிள். ஆமைக்குத் தெரியாதில்ல?"

பைக்கில் ஏறாத பெண்

மறுவாரம் திவ்யாவின் அப்பா செல்வராஜ் வீட்டுக்கே வந்துவிட்டார். மல்லாப்பூர் சாயத் தொழிற்சாலையில்தான் ஷிஃப்ட் வேலை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பயந்தேன். மனுஷர் காபியைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். மகள் அவர் பைக்கில் ஏறுவதில்லையாம். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் இந்த ஊர்ப் பாஷையில் "நக்கோ", வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கு நடக்கிறாளாம். இவர் பைக்கைத் தள்ளிக்கொண்டே கூடப் போகிறாராம்.

"எங்க ஃபேக்டரித் தண்ணி எங்க போகுதுன்னு தினமும் கேக்கறா சார். எனக்கே தெரியாது. நான் என்னன்னு சொல்ல?"

கைதட்டாத இடம்

அந்தப் படமே மறுபடி வேண்டும் என்று பிள்ளைகள் ஒரே ரகளை. செல்வராஜையும் வரச் சொன்னேன். கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் கூனிக்கொண்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை மல்லாப்பூர் பேச்சையே நான் எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் என்ன, பிள்ளைகளே எடுத்துக் கொடுத்தார்கள்.

கடைசியில் ஆறு பொங்கி வந்து ஃபேக்டரியை அடித்துக்கொண்டு போகும். போன தடவை ஹாலே அதிர்ந்தது; எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவள் திவ்யா. இன்று மற்றவர்கள் விசிலடிக்க, அவள் மட்டும் பின்னால் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த மனுஷருடைய முகத்தைப் பார்க்கவேண்டுமே! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்ததும் தானாகவே பைக்கில் ஏறி, அப்பாவின் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அப்பாடா என்று நான் கையாட்டினேன். வண்டி கிளம்புகிற நேரத்தில் திரும்பிக் கேட்டாள்:

"அங்கிள், தண்ணி வர்றதுக்கு முன்னாடி உள்ள இருந்த அப்பாங்கல்லாம் வெளிய வந்துட்டாங்களா?"

ஜப்பான்காரர் படத்தை எடுத்துவிட்டு நிம்மதியாகப் போய்விட்டார், பதில் சொல்லும் பாடு மட்டும் மல்லாப்பூரில் மைக் பிடித்தவன் தலையில்.