முள்ளுக்கரண்டி வைக்காத மேசை

சிட்னிக்குத் தெற்கே வுல்லொங்கொங் நகரம், சனிக்கிழமை, பகல் பன்னிரண்டே கால். மூக்குக்கண்ணாடியைத் திருத்தி வாங்கி, ஒரு பொதியைத் தபாலில் சேர்த்துவிட்டுக் கடலோர மெக்சிக்கோச் சாப்பாட்டுக் கடையில் இருக்கிறோம். முள்ளுக்கரண்டி பிடிக்கக் கூச்சப்பட்டு, இந்த நாட்டுக்கு வந்த இரண்டு வருடமாக வெளியிடங்களில் தேநீர் மட்டுமே குடிப்பவள் என் மனைவி மங்கை. இந்த மேசையில் கரண்டியே இல்லை.

"இதைக் கையால்தான் சாப்பிட வேண்டும்," என்கிறார் மெக்சிக்கோக்காரரான கடைக்கார அம்மா.

மங்கை சோள ரொட்டியை வலக்கையாலேயே பிய்த்து, மசித்த அவரையை அள்ளி, விரல்நுனிக்கு மேல் படாமல் உண்கிறாள். பக்கத்து மேசைக்காரரின் சட்டையெல்லாம் குழம்பு.

"எல்லாருக்கும் நான்தான் சொல்லிக்கொடுப்பேன். உங்களுக்கு யார் சொல்லித் தந்தது?" என்று வியக்கிறார் கடைக்கார அம்மா.

மங்கை சிரித்துவிட்டு, இரண்டு கையாலும் ரொட்டியைப் பிய்க்கும் என் பக்கம் திரும்புகிறாள். "இடக்கையை எடுங்கோ. ஆக்கள் பாக்கினம்."

அவளை நினைத்த பெருமையோடு கையை மடியில் வைக்கிறேன். இன்னொரு தட்டு வேண்டுமென்று அவளே கேட்கிறாள்.