தஸ்னீம் நம்பாத கை

இன்று நான் யாரைச் சந்தித்தேன் தெரியுமா? ஹயாத் ஃபென்த்ரியை! எங்கள் ஸ்ஃபாக்ஸ் நகரில் காது கேளாத பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும் இந்தப் பெயரைச் சொன்னால் போதும், கேட்காமலே காபி வந்துவிடும். பேருந்தில் நின்றுகொண்டே தட்டச்சு செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீடு போய்ச் சேரும்வரை என்னால் பொறுக்க முடியாது.

நான் போனது வேறு வேலையாக. காது கேளாதோர் சங்கத்து ப்ரொஜெக்டர் எரியவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். நான் ஏணியில் நின்று கம்பிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கீழே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, எனக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு இருபடிச் சமன்பாட்டுப் பாடத்தைத் தொடங்கிவிட்டார். அவர்தான் ஹயாத். அவருக்குப் பலகை அவருடைய இடது கைதான். நெஞ்சுக்கு முன்னால் அதைப் படுக்கையாக நீட்டினால் அதுதான் அச்சு. வலது கைதான் வளைகோடு.

வலது கை மேலிருந்து இறங்கியது, இடது கையைத் தாண்டிக் கீழே போனது, திரும்ப மேலே ஏறியது. இரண்டு இடத்தில் வெட்டு: இரண்டு மெய் மூலங்கள். அடுத்த தடவை கை இறங்கி வந்து தோலை மட்டும் தொட்டுவிட்டு ஏறியது: சம மூலங்கள். மூன்றாம் தடவை தொடாமலே திரும்பிப் போய்விட்டது: மெய் மூலமே இல்லை. ‘மூலங்களின் தன்மையைக் காண்க’ என்றால் தன்மைகாட்டியைப் போட்டு, குறியைப் பார்த்து, விடையை எழுதிவிட்டு மறந்துபோன ஆள் நான். ஏணியில் நின்றபடி முதல் முறையாக அதைக் கண்ணால் பார்த்தேன்!

முன் வரிசையில் ஒரு பெண் சைகையில் ஏதோ கேட்டாள். ஹயாத் எனக்காக வாயாலும் சொன்னார்: “தொடாம போச்சே, அந்த ரெண்டு மூலமும் எங்க ஓடிப்போச்சுன்னு கேக்குறா.” பிறகு இடது கைக்கு மேலே ஒரு விரல், அதே தூரத்தில் கீழே ஒரு விரல் வைத்துக் காட்டினார். “எங்கயும் ஓடல. இந்தக் கை மேல இல்ல, அவ்வளவுதான். ரெண்டும் ஜோடியாத்தான் இருக்கு. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ, கண்ணாடியில பாக்குற மாதிரி.” வகுப்பு முழுவதும் கைகளை உயரத் தூக்கி ஆட்டியது. அதுதான் அங்கே கைதட்டல். ப்ரொஜெக்டர் இன்னும் எரியவில்லை. மன்னித்துவிடுங்கள், நாளை போய்ச் சரிசெய்கிறேன்.

பாடம் முடிந்ததும் அவருடைய அண்ணன் இக்பால் காபி போட்டுக் கொடுத்தார். அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவர் கையால் பேச, தங்கை ஹயாத் எனக்கு வாயால் சொன்னார்.

“இவன் சொல்றது பொய். ஆனா நான் மொழிபெயர்ப்பாளர், சொன்னதச் சொல்லித்தான் ஆகணும். ‘இவ சின்ன வயசுல தூக்கத்துல கையால உளறுவா. எதுத்தாப்ல படுத்திருந்த எனக்குத்தான் தூக்கம் போச்சு.’ போதுமாண்ணே?”

இக்பால் அதோடு விடவில்லை. “‘வாயால பேச ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் இவ கெட்டுப்போனா’ன்னு சொல்றான்” என்று ஹயாத் சிரித்துக்கொண்டே முடித்தார்.

இக்பால் படிப்பை விட்ட இடம் எது தெரியுமா? கணக்கில் எண்களுக்கு நடுவே எழுத்து வந்து உட்கார்ந்த இடம். கூட்டலும் பெருக்கலும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இந்த எக்ஸ் என்பது என்ன என்று சைகையில் சொல்ல அந்தப் பள்ளியில் ஓர் ஆளில்லை. ஹயாத் கணிதம் படித்ததற்குக் காரணம் அதுதான். படித்து முடித்து மேல்நிலைப் பள்ளி ஆசிரியை ஆனார். சனிக்கிழமைகளில் சங்கத்தில் பாடம் எடுத்தார். கணக்குச் சொற்களுக்குச் சைகை இல்லாததால், அவரும் மாணவர்களும் சேர்ந்து தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்டார்கள். மூலம் என்ற சொல்லுக்குக் கையை வெட்டும் சைகை. இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள் என்றால் இரண்டு வெட்டு. முப்படி என்றால் கை பாம்புபோல் வளைந்து மூன்று வெட்டு. யாரும் உட்கார்ந்து முடிவு செய்ததில்லை, பழக்கத்தில் வந்துவிட்டது.

அந்தப் பழக்கம்தான் ஒரு நாள் தஸ்னீமின் தேர்வையே முழுங்கப் பார்த்தது.

தஸ்னீம் மீன் சந்தையில் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவின் மகள். எதைச் சொன்னாலும் ஏன் என்று புருவத்தைத் தூக்கும் பெண். அவளுக்கும் காது கேட்காது. பள்ளியிறுதித் தேர்வான பாக்கலோரியாவைக் கணிதப் பிரிவில்தான் எழுதுவேன் என்று நின்றாள். கேள்வித்தாள் பிரெஞ்சில் வரும். எண்களும் குறிகளும் அவளுக்குப் பிரச்சினையே இல்லை. பிரெஞ்சு வாக்கியம்தான் காலை வாரிவிடும். கேள்வியை மட்டும் சைகையில் சொல்ல ஓர் ஆளை அனுமதியுங்கள் என்று ஹயாத் படியேறாத அலுவலகம் இல்லை. கடைசியில் அனுமதி கிடைத்தது, இந்த ஒரு தடவைக்கு என்று. ஒரு புகார் வந்தாலும் தஸ்னீமின் தேர்வு ரத்தாகும். அவளுக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்கும் கதவு சாத்தப்படும்.

தேர்வன்று தஸ்னீமுக்குத் தனி அறை. அறையில் அவள், ஹயாத், கண்காணிப்பாளர் உஸ்தாத் மோன்ஸெஃப், மூவர் மட்டும். உஸ்தாத் வேறொரு பள்ளியின் வரலாற்று ஆசிரியர். மூன்றாம் கேள்வி x³ − 3x + 3 = 0. இதன் மூலங்களின் தன்மையைக் காண்க. ஹயாத் கேள்வியைச் சைகையில் சொன்னார். மூலங்கள் என்ற இடத்தில் கை தன்னால் வளைந்து, மூன்று முறை வெட்டியது.

உஸ்தாத் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“நிறுத்துங்க மேடம்! பதிலச் சொல்லிட்டீங்க!”

“பதிலா? நான் கேள்வியைத்தானே சொன்னேன் உஸ்தாத்.”

“மூலம்னு கேள்வியில இருக்கு. நீங்க கைய மூணு தடவ வெட்டுனீங்க. நான் எண்ணுனேன்.”

“முப்படிக்கு எங்க வகுப்புல அப்படித்தான் காட்டுவோம். அது வெறும் சொல்லு உஸ்தாத்.”

“எனக்குக் கணக்கு வராதுதான். ஆனா மூணு வரைக்கும் எண்ணத் தெரியும்.”

வாசலுக்குப் போய், தேர்வு மையத் தலைவியைக் கூப்பிடச் சொல்லி ஆளனுப்பினார். “அவரு நல்ல மனுஷன். அவரு எடத்துல நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்” என்று ஹயாத் என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போதும் அவர் முகம் வெளிறியிருந்தது.

அந்த நொடியில் அவர் ஒரு காரியம் செய்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். இனி விரல் அசைந்தாலும் அது குற்றம்தானே? தஸ்னீமுக்கோ எதுவும் புரியவில்லை. இரண்டு பேரின் வாய் அசைகிறது, அவ்வளவுதான். என்ன நடக்கிறது என்று சைகையில் கேட்டாள். தரையைக் காலால் ஓங்கி மிதித்தாள். அப்போதும் ஹயாத்தின் கைகள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன.

“அந்த நேரத்துல அவளுக்கு நான் ஒரு சொவரு” என்றார் ஹயாத்.

தஸ்னீம் கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு குனிந்து மேசைமேல் தன் இடது கையைப் படுக்கையாக வைத்தாள், வலது கையை மெதுவாக அசைக்க ஆரம்பித்தாள்.

“பாருங்க, இப்ப அந்தப் பொண்ணு உங்களுக்குப் பதில் பேசுது!”

“பேசல உஸ்தாத், யோசிக்கிறா. கணக்குப் போடும்போது நீங்க வாய்க்குள்ள முணுமுணுக்க மாட்டீங்களா?”

“நான்தான் கணக்கே போட மாட்டேன்னு சொன்னேனே.”

ஹயாத் தரையைப் பார்த்தபடி நின்றார். அவளுடைய கை என்ன சொல்கிறது என்று பார்க்கக்கூட அவருக்குப் பயம்.

தலைவி நைலா மேடம் வந்தார். தலைவி ஆவதற்கு முன் அவரும் கணித ஆசிரியைதான்.

“இவங்க என்ன காட்டுனாங்க உஸ்தாத்?”

“மூணு.”

“உறுதியாவா?”

“வல்லாஹி, ஆண்டவன் மேல ஆணையா மூணு.”

நைலா மேடம் தஸ்னீமிடம் போய்க் கையை நீட்டினார். அவள் எழுதி முடித்திருந்தாள், தாளைக் கொடுத்தாள். மேடம் அதை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். அந்த நேரம் முழுவதும் ஹயாத் தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காரணம், அவர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கவில்லை! கேள்வியைச் சொல்வது மட்டும்தானே அவர் வேலை? உண்மையான விடை மூன்றாக இருந்து, தஸ்னீமும் மூன்று என்று எழுதியிருந்தால், உலகத்தில் யார் நம்புவார்கள்?

“மெய் மூலம் ஒண்ணுன்னு எழுதியிருக்கா” என்றார் நைலா மேடம். “மத்த ரெண்டும் கற்பனையாம்.”

உஸ்தாத் விழித்தார். “அப்போ இவங்க தப்பான பதிலச் சொல்லிக் குடுத்தாங்களா?”

“தப்பான பதிலச் சொல்லிக் குடுக்கவா இவ்வளவு அலைஞ்சு அனுமதி வாங்குனாங்க?”

“ஒருவேள மூணுதான் சரியோ என்னவோ.”

“எது சரின்னு இந்த அறையில நான் சொல்ல மாட்டேன். நீங்க பாத்தது மூணு. அவ எழுதுனது ஒண்ணு, அதுக்கு வழியும் முழுசா இருக்கு. கையப் பாத்து எழுதல. எனக்கு அது போதும்.”

அப்போதுதான் ஹயாத் மனதுக்குள் வளைகோட்டை ஓட்டிப் பார்த்தார். இடது கோடியில் கீழிருந்து கிளம்பி அச்சை ஒரு தடவை வெட்டி மேலே வருகிறது. மைனஸ் ஒன்றில் ஐந்து உயரம். அங்கிருந்து இறங்குகிறது, இறங்குகிறது... ஒன்றில் வந்து திரும்புகிறது. அங்கே உயரம் என்ன? ஒன்று, மூன்றைக் கழி, மூன்றைக் கூட்டு. ஒன்று! இன்னும் அச்சுக்கு மேலேதான் இருக்கிறது. தொடவில்லை. அதற்குப் பிறகு ஏற்றம்தான். ஒரே ஒரு வெட்டு.

தஸ்னீம் சரி. ஹயாத்தின் கைதான் தவறு.

“நான் கத்துக்குடுத்த கை மூணுன்னு காட்டுது. அவ அத நம்பல பாருங்க!” என்று சொல்லும்போது அவருக்கு இன்றைக்கும் கண் நிறைந்துவிட்டது. பெருமை என்றால் என்ன என்று அந்த முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இதோடு முடிந்தது என்று பார்த்தால், உஸ்தாத் மோன்ஸெஃப் மறுபடியும் கையைத் தூக்கினாராம்.

“ஒரு நிமிஷம் மேடம். அப்படின்னா கேள்வியிலயே இந்தப் புள்ளைக்கு ஒரு மூணு போய்ச் சேந்திருக்கு. மத்த புள்ளைங்களுக்கு அந்தக் கொழப்பம் இல்ல. இது இவளுக்கு அநியாயம் இல்லையா?”

“உஸ்தாத், இப்ப நீங்க யாரு பக்கம்?”

“நான் தேர்வு பக்கம்.”

அவர் சொன்னதும் நியாயம்தானே! வீணான நேரத்தை நைலா மேடம் தஸ்னீமுக்குத் திருப்பிக் கொடுத்தார். மீதிக் கேள்விகளில் மூலம் வந்த இடத்திலெல்லாம் ஹயாத் எழுத்தெழுத்தாக விரலால் காட்டினார். புகார் எதுவும் போகவில்லை.

வெளியே வந்ததும் ஹயாத் நடந்ததையெல்லாம் சைகையில் சொன்னார். தஸ்னீம் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினாளாம்.

“ஒன் கை மூணுன்னு காட்டுச்சு, பாத்தேன். ஆனா நீ கணக்குப் போட்டா சொன்ன? பழக்கத்துல சொன்ன. பழக்கத்துக்கு யாராவது மார்க் போடுவாங்களா?”

முடிவு வந்த நாளில் அவள் அம்மா மீன் சந்தையில் நின்று குலவையிட்டார். பக்கத்துக் கடைக்காரிகள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். தஸ்னீமுக்கு அது கேட்காது. அம்மாவின் தொண்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, குலவை முடியும்வரை எடுக்கவே இல்லையாம்.

அவள் இப்போது பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கிறாள். தேர்ச்சி பெற்ற கையோடு சங்கத்தில் ஒரு சண்டை போட்டாள்: மூலத்துக்குப் புதுச் சைகை வேண்டும், எத்தனை என்று காட்டிக்கொடுக்காத சைகை. அவளே செய்தும் காட்டினாள். இடது கை படுத்திருக்கும். வலது கை அதற்கு மேலே, விரல் விரித்து, அந்தரத்தில் நிற்கும். இன்னும் இறங்கவில்லை. எத்தனை இடத்தில் தொடும் என்று கேட்கிறவருக்கும் தெரியாது. அடுத்த ஆண்டும் அனுமதி கிடைத்தது, அதற்கடுத்த ஆண்டும். இந்த ஆண்டு அந்தத் தனி அறையில் ஒரு வரிசையே உட்கார்ந்து எழுதியது!

நண்பர்களே, ஒரு வேண்டுகோள். சங்கம் இருப்பது க்ரெம்தா சாலை, நாலாவது கிலோமீட்டர், மருந்துக் கடைக்கு மேல் மாடி. சனிக்கிழமை மதியம் யார் வேண்டுமானாலும் போகலாம். பிரெஞ்சும் கணக்கும் தெரிந்து, கையால் பேசக் கற்றுக்கொள்ள ஆசையுள்ளவர்கள் கட்டாயம் போங்கள், ஆள் போதவில்லை. போக முடியாதவர்கள் இதைப் பகிருங்கள். முக்கியமாக, ‘காது கேக்காத புள்ளைக்கு இவ்வளவு கணக்கு எதுக்கு’ என்று யாராவது சொல்லும் வீடு உங்களுக்குத் தெரிந்திருந்தால், முதலில் அந்த வீட்டுக்கு அனுப்புங்கள்.